வெந்நீர்க் குளத்தில் நான்கு ஜெர்மானியர்கள்

ஹ்வம்மூர் பண்ணை
11 ஜூன் 1996

ராக்னாவுக்கு,

நான் கடிதம் எழுதுவதால் உன்னோடு சமாதானமாகிவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. இது புகார்.

நேற்றுக் காலை ஆடுகளை மேலே ஓட்டிவிட்டு வந்தால், நம் வெந்நீர்க் குளத்தில் நான்கு ஜெர்மானியர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். கழுத்து வரைக்கும் தண்ணீர், தலையில் கம்பளித் தொப்பி. என்னைப் பார்த்ததும் கையசைத்தார்கள், நான்தான் அவர்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்தவன் போல. அங்கே வேலி இருக்கிறது. வேலிக்குக் கதவு இருக்கிறது. கதவில் 'காளை ஜாக்கிரதை' என்று பலகை இருக்கிறது. பண்ணையில் காளை கிடையாது என்பது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும் என்று இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்களில் பெரியவர் குளத்துக்குள்ளிருந்தே ஒரு காகிதத்தை நீட்டி, "காளை கிடையாதுன்னு இதுல போட்டிருக்கே" என்றார்.

அந்தக் காகிதம் இப்போது என் மேஜையில் இருக்கிறது. 'ஐஸ்லாந்து: எங்கள் நாடும் எங்கள் மக்களும். எய்ரி விருந்தினர் இல்லத்தின் அன்பளிப்பு. எழுதியவர் ராக்னா எய்விந்தர்தோத்திர்.' ஆங்கிலத்தில். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு முழுக்கப் படித்தேன். எரிமலை, பனியாறு, மீன், ஆயிரம் வருடப் பாராளுமன்றம் எல்லாம் முதல் பக்கத்தோடு முடிந்துவிட்டது. இரண்டாம் பக்கத்திலிருந்து மக்கள். எழுதியிருக்கிறாய்: 'இந்த நாட்டு மனிதன் வாசலைப் பூட்டுவதில்லை. யார் தட்டினாலும் காபி கொடுப்பான், உட்காரச் சொல்ல மறந்துவிடுவான். சாப்பாடு பிரமாதமாக இருந்தால் "மோசமில்லை" என்பான். தன் ஆடுகளின் பெயர்களெல்லாம் நினைவிருக்கும், தங்கையின் பிறந்தநாள் நினைவிருக்காது. குளத்தில் யார் வேண்டுமானாலும் குளிக்கலாம். காளைப் பலகையை நம்ப வேண்டாம்.'

எந்த நாட்டு மனிதன், ராக்னா? இரண்டரை லட்சம் பேருக்கு மேல் இருக்கிறோம். அதில் பொய்க் காளைக்குப் பலகை வைத்தவர்கள் எத்தனை பேர்?

உடனே எல்லாப் பிரதிகளையும் எடுத்துக் கொளுத்து. உன் டென்மார்க்காரனுக்கு நான் விசாரித்ததாகச் சொல்ல வேண்டாம்.

பெர்குர்


எய்ரி
17 ஜூன் 1996

அண்ணா,

இரண்டு வருடம் கழித்து உன் கையெழுத்தில் ஓர் உறை வந்ததும், யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று நினைத்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பிரெபென்தான் பிரித்தார். "பயப்படாத, திட்டித்தான் எழுதியிருக்காரு" என்றார். அப்புறம்தான் மூச்சு வந்தது.

கையேட்டில் நான் உன்னைப் பற்றி எழுதவில்லை. வருகிறவர்களுக்கு நாட்டையும் மக்களையும் பற்றிப் பொதுவாக நாலு வரி எழுதி அறைகளில் வையுங்கள் என்று சுற்றுலா அலுவலகத்துக்காரர்கள் சொன்னார்கள். உட்கார்ந்து எழுதினேன். ஒரே பள்ளத்தாக்கில், ஒரே வீட்டில், ஒரே மனிதனோடு இருபத்தாறு வருடம் இருந்தவளுக்கு மக்கள் என்றால் வேறு யார் ஞாபகத்துக்கு வருவார்கள்?

அந்த ஜெர்மானியர்கள் மறுநாள் இங்கேதான் வந்து தங்கினார்கள். அவர்களுக்கும் கையேட்டைப் பற்றி ஒரு புகார் இருந்தது. "உட்காரச் சொல்ல மாட்டாருன்னு தப்பாப் போட்டிருக்கீங்கம்மா. உட்கார வச்சு, சுடச்சுட அப்பம் சுட்டுப் போட்டாரு. ருபார்ப் ஜாம் வேற" என்றார்கள். உன் புகாரில் அப்பத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லையே.

இன்று தேசிய தினம். எப்போதும் போல மழை. பிள்ளைகள் காகிதக் கொடியோடு நனைந்துகொண்டு ஊர்வலம் போனார்கள். பிரெபென் முதல் வரிசையில் பெரிய கொடியைப் பிடித்துக்கொண்டு நடந்தார். தன் ராஜாவிடமிருந்து நாம் பிரிந்து வந்த நாளுக்கு ஒரு டென்மார்க்காரர் கொடி பிடிக்கிறார், நீ அவர் பெயரைக்கூட எழுத மாட்டேன் என்கிறாய். அவர் செய்த குற்றம் என்ன? முதல்முறை நம் வீட்டுக்கு வந்தபோது உன் குதிரையைப் பார்த்து, "அழகான மட்டக்குதிரை" என்றார். தெரியாமல் சொன்னார். நம் குதிரைகளை மட்டக்குதிரை என்று சொல்லக் கூடாது என்று கப்பல் எஞ்சின் அறையில் முப்பது வருடம் இருந்தவருக்கு யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்? அதற்காக எங்கள் கல்யாணத்துக்கு வராமல் இருந்துவிட்டாய். தேவாலயத்தில் உனக்கு வைத்திருந்த இடத்தில் கடைசியில் யாரோ குடையை வைத்தார்கள். அதற்குப் பிறகு நான் நான்கு முறை போன் செய்தேன். நான்கு முறையும் என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாய். இனி நானும் போன் பண்ண மாட்டேன். கடிதத்தை நடுவில் வைத்துவிட முடியாது, அல்லது வைத்தாலும் எனக்குத் தெரியாது.

கொளுத்த மாட்டேன். மேலும் இருநூறு பிரதி அச்சடிக்கக் கொடுத்திருக்கிறேன்.

ராக்னா


ஹ்வம்மூர்
30 ஜூன் 1996

ராக்னாவுக்கு,

அப்பத்து மாவு மீந்திருந்தது. அவ்வளவுதான்.

நீ கொளுத்த மாட்டாய் என்றால் தவறுகளையாவது திருத்து. நேற்று ஒரு பிரெஞ்சுத் தம்பதி வந்தார்கள். அந்த அம்மாள் என் கையைக் குலுக்கி, "மிஸ்டர் எய்விந்தர்சன்" என்றார். அப்பா சமையலறைக்குள்ளிருந்து எழுந்து வருவார் என்று ஒரு கணம் திரும்பிப் பார்த்துவிட்டேன். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, எய்விந்தரின் மகன் என்றால் அது எய்விந்தரின் மகன்தான், டெலிபோன் புத்தகத்தில் பிரதமரே தன் சொந்தப் பெயரில்தான் இருக்கிறார் என்று எழுது. குளத்தில் இறங்குவதற்கு முன் சோப்புப் போட்டு, துணியில்லாமல், முழுசாகக் குளிக்க வேண்டும் என்றும் எழுது. அந்த பிரெஞ்சுக்காரருக்கு இதைச் சைகையில் விளக்குவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. அவர் மனைவி சிரித்துச் சிரித்துப் புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

அப்புறம் அந்தப் பாறை விஷயம். 'இங்கே பாறைகளுக்குள் மறைந்து வாழும் மக்கள் உண்டு என்று பாதிப் பேர் நம்புகிறார்கள், மீதிப் பேர் இல்லை என்று சத்தமாகச் சொல்லப் பயப்படுகிறார்கள்' என்று எழுதிவிட்டாய். அந்த அம்மாள் என்னைக் கேட்டார், "நீங்க எந்தப் பாதி?" நான் எதற்கு வம்பு என்று பேச்சை மாற்றிவிட்டேன். பாறை பக்கத்தில்தான் இருந்தது.

இந்த வருடம் புல் நன்றாக வந்திருக்கிறது. டிராக்டர்தான் செத்துவிட்டது. எனக்கு உன் உதவி எதுவும் தேவையில்லை. சும்மா தகவலுக்காகச் சொன்னேன்.

பெர்குர்

பி.கு. உன் பிறந்தநாள் மார்ச்சில். தேதிதான் கொஞ்சம் சந்தேகம்.


எய்ரி
13 ஜூலை 1996

அண்ணா,

திருத்தங்களைச் சேர்த்துவிட்டேன். இரண்டாம் பதிப்பில் நானாக ஒரு வரியும் சேர்த்திருக்கிறேன்: 'இந்த நாட்டு மனிதனுக்குக் கோபம் வந்தால் அதை ஆட்டிறைச்சி போலப் புகை போட்டு, உத்தரத்தில் தொங்கவிட்டு, வருடக்கணக்கில் கெடாமல் வைத்திருப்பான்.'

இங்கே எல்லா அறையும் நிரம்பி வழிகிறது. இரண்டு டச்சுப் பெண்களுக்கு நள்ளிரவு வெளிச்சத்தில் தூக்கம் வரவில்லை. "ராத்திரி எப்பம்மா வரும்?" என்று கேட்டார்கள். ஆகஸ்டில் என்று சொன்னேன். போர்வையை ஜன்னலில் ஆணியடித்துக் கொடுத்தேன்.

பிரெபென் எனக்கு ஒத்தாசையாக இருப்பார் என்று பார்த்தால், மனிதருக்குத் திடீரென்று மீன்பிடிக்கிற பைத்தியம் பிடித்திருக்கிறது. போன சனிக்கிழமை யாரும் எழுந்திருக்கும் முன்பே தூண்டிலைத் தூக்கிக்கொண்டு மேட்டுப்பாதை வழியாக ஏரிக்குப் போனார். இன்றைக்கும் போயிருக்கிறார். போன வாரம் ஒரு மீன்கூட இல்லை. அது போகட்டும், விரல் இடுக்கெல்லாம் கருப்பாக கிரீஸ். "ஏரியில ஏதுங்க கிரீஸ்?" என்றால், "பழைய ஏரி" என்கிறார்.

இன்னொன்று. கூட்டுறவுக் கடையில் உன் பக்கத்துப் பண்ணை ஊல்ஃபாரைப் பார்த்தேன். நீ இடது காலை இழுத்து இழுத்து நடக்கிறாய் என்றார். என்ன அது?

ராக்னா


ஹ்வம்மூர்
22 ஜூலை 1996

ராக்னாவுக்கு,

என் காலுக்கு ஒன்றுமில்லை. ஊல்ஃபார் வாங்கிய கண்ணாடி சரியில்லை.

டிராக்டர் ஓடுகிறது. முதல் புல்லை வெட்டிக் காயவைத்தாகிவிட்டது. சரிவிலிருக்கும் வயலில் டிராக்டர் ஏறாது என்பதால் அங்கே கையால்தான் வாரினோம். 'வாரினோம்' என்று எழுதியதற்குக் காரணம், ஒரு கூலியாள் வருகிறான். வெளிநாட்டுக்காரன். வேலைக்கு மோசமில்லை. முதல் நாள் புல்வாரியைத் தலைகீழாகப் பிடித்தான், இப்போது பழகிவிட்டான். பேச்சுதான் புரிவதில்லை, சூடான உருளைக்கிழங்கைத் தொண்டையில் வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி பேசுவான். அதனால் அதிகம் பேசிக்கொள்வதில்லை. எனக்கு அது சௌகரியம்.

கையேட்டைப் பற்றி ஒரு விஷயம். நான்காம் பக்கத்தில், டென்மார்க்காரர்கள் பல நூற்றாண்டு நம்மை ஆண்டார்கள், புழுத்த மாவை நமக்கு விற்றார்கள் என்று போட்டிருக்கிறாய். சரித்திரம் சரிதான். ஆனாலும் வெளியூர்க்காரர்களிடம் அதைச் சொல்லித்தான் ஆகவேண்டுமா? அந்தக் காலத்தில் மாவு என்றாலே எங்கேயும் புழுதான். பழைய கையெழுத்துச் சுவடிகளையெல்லாம் அவர்கள் கப்பலில் திருப்பி அனுப்பினார்களே, அதையும் ஒரு வரி சேர்க்கலாம். எந்த ராஜாவாவது எடுத்துப்போன புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கிறானா? நீ வாங்கிப் போன என் அகராதியே இன்னும் வரவில்லை, நான் சின்ன அகராதியை வைத்துத்தான் சமாளிக்கிறேன்.

மழைக்கு முன் இரண்டாம் வயலை முடிக்க வேண்டும்.

பெர்குர்


எய்ரி
2 ஆகஸ்ட் 1996

அண்ணா,

இந்தக் கடிதத்தை நான் தபாலில் போடவில்லை. நாளை சனிக்கிழமை. பிரெபெனின் மீன் பெட்டிக்குள் அடியில் வைத்திருக்கிறேன், உனக்கு எப்படியும் வந்து சேர்ந்துவிடும்.

உன் கூலியாளுக்கு ராத்திரியில் ரை தானிய ரொட்டி கொடுக்காதே, வயிறு உப்பிக்கொள்ளும். காபியில் அவருக்கு மூன்று சர்க்கரை, கேட்கக் கூச்சப்பட்டு இல்லாமலே குடிப்பார். வெயிலில் கழுத்து சிவந்து தோல் உரிகிறது, தொப்பி போட்டுக்கொள்ளச் சொல். பெட்டியில் இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை இருக்கிறது. பெரியது அவருக்கு, இன்னொன்று உனக்கு.

உன் கடிதம் வந்த அன்று சிரித்தேன், நிஜமாகவே. சமையலறையில் தனியாக நின்று அப்படிச் சிரித்தேன், டச்சுப் பெண்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பெர்குர் எய்விந்தர்சன் டென்மார்க்குக்காக வக்காலத்து வாங்குகிறான். அப்புறம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. அவர் வரலாம். ஜெர்மனி வரலாம், பிரான்ஸ் வரலாம், யார் வேண்டுமானாலும் வந்து குளத்தில் உட்காரலாம். நான் மட்டும் வரக்கூடாது. அந்தக் குளத்துக்குக் கல் சுமந்தவள் நான். நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து என்னிடம் மறைக்கிற அளவுக்கு நான் என்ன பண்ணிவிட்டேன்?

பிரெபெனிடம் நான் எதையும் கேட்கவில்லை. மீன் எப்படி என்று மட்டும் கேட்கிறேன். பாவம், இந்த வாரம் கடையில் வாங்கிக்கொண்டு வந்தார். உறைய வைத்த கடல் மீன்.

ராக்னா


ஹ்வம்மூர்
4 ஆகஸ்ட் 1996

ராக்னா,

இவரிடமே கொடுத்தனுப்புகிறேன். நீ கண்டுபிடித்துவிட்டாய் என்று சொன்னதும் முகம் வெளுத்துவிட்டது. திட்டாதே.

ஜூலை முதல் வாரம் வந்தார். நான் டிராக்டருக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். பக்கத்தில் இரண்டு பூட்ஸ் வந்து நின்றது. யார் என்று கேட்டேன். "மன்னிச்சுக்குங்க, அது மட்டக்குதிரை இல்ல. குதிரை" என்றது பூட்ஸ். இரண்டு வருடம் கழித்து, முன்பின் இல்லாமல், அவ்வளவுதான். நான் கையை நீட்டிப் பதினேழாம் நம்பர் ஸ்பேனர் கேட்டேன். கொடுத்தார். அப்புறம் அவரும் அடியில் நுழைந்துவிட்டார். வண்டி கிளம்புகிற வரை வேறு பேச்சு இல்லை. இப்படி ஒரு ஆள் என்று நீ சொல்லியிருக்க வேண்டாமா? எப்போதும் அவர் எவ்வளவு கலகலப்பானவர் என்றே சொல்லிக்கொண்டிருந்தாய். எனக்குப் பயமாக இருந்தது.

நீ ஏன் வரக்கூடாது என்று கேட்கிறாய். வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. சமையலறை பார்க்கிற நிலையில் இல்லை.

செப்டம்பர் இரண்டாம் வாரம் மலையிலிருந்து ஆடுகளை இறக்குகிறோம், சனிக்கிழமை பட்டியில் யார் ஆடு எது என்று பிரிக்கிறோம். காதில் உன் அடையாள வெட்டுப் போட்ட ஆடுகள் நாற்பதுக்கும் மேல் இருக்கின்றன. சொந்தக்காரி என்ற முறையில் பட்டிக்கு வா.

காலுறை மோசமில்லை.

பெர்குர்


எய்ரி
20 ஆகஸ்ட் 1996

அண்ணா,

நேற்றுச் சாயங்காலம் பிரெபெனை உட்கார வைத்துக் கேட்டேன். அவருடைய ஐஸ்லாந்திய மொழியில் உண்மை பேசும் அளவுக்குத்தான் இலக்கணம் இருக்கிறது. பொய் சொல்ல ஆரம்பித்தால் வேற்றுமை உருபில் மாட்டிக்கொள்வார். "பெர்குரோட முட்டி" என்று ஆரம்பித்தார், "முட்டிக்கு" என்றார், "முட்டியால" என்றார், அப்புறம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

முட்டிக்கு ஆபரேஷன் செய்ய வசந்தகாலத்திலேயே தேதி கொடுத்தார்களாம், வேண்டாம் என்றாயாம். பட்டி முடிந்ததும் மொத்த மந்தையையும் ஊல்ஃபாரிடம் விற்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறாயாம். என் ஆடுகளையும் சேர்த்து. கண்ணாடி சரியில்லாத ஊல்ஃபாரிடம்.

உனக்கு ஒரு தங்கை இருக்கிறாள் என்று எப்போதாவது தோன்றியதா? ஒரு தடவை போனை எடுத்து, "முட்டி வலிக்குது" என்று இரண்டு சொல் சொல்லியிருந்தால் நான் மறுநாளே வந்து நின்றிருப்பேன். கையேட்டின் மூன்றாம் பதிப்பில் எழுதப் போகிறேன்: 'இந்த நாட்டு மனிதன் உதவி கேட்பதற்கு முன் செத்துப்போவான், செத்த பிறகும் தானே நடந்து இடுகாட்டுக்குப் போய்விட முடியுமா என்று பார்ப்பான்.'

பட்டிக்கு மட்டுமல்ல, மலைக்கே வருகிறேன். என் சேணம் இன்னும் தொழுவத்தில்தான் தொங்குகிறது என்று பிரெபென் சொன்னார். நீ கீழே பட்டியில் உட்கார்ந்து காபி போடு.

ராக்னா


ஹ்வம்மூர்
26 ஆகஸ்ட் 1996

ராக்னா,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். 'மறுநாளே வந்து நின்றிருப்பேன்' என்று எழுதியிருக்கிறாய். அதனால்தான் சொல்லவில்லை.

நீ ஒரு முறை அப்படி வந்து நின்றாய். இருபத்து நான்கு வயது. ரெய்க்யாவிக்கில் ஆசிரியப் பயிற்சி முடிக்க ஒரு வருடம் பாக்கி. அம்மா படுத்துவிட்டாள், ஒரு குளிர்காலம் மட்டும் இருந்து பார்த்துக்கொண்டு போகிறேன் என்று ஒரு பெட்டியோடு வந்தாய். வசந்தம் வந்தது, நீ போகவில்லை. "போ" என்று நானும் சொல்லவில்லை. எனக்கு வீட்டில் கஞ்சி கொதிக்கிற சத்தம் வேண்டியிருந்தது. அப்படியே இருபத்தாறு வருடம்.

இப்போது உனக்கு ஒரு வீடு, எட்டு அறை, வாயில் உருளைக்கிழங்கோடு ஒரு மனிதர், ஜன்னலில் ஆணியடித்த போர்வை எல்லாம் இருக்கிறது. முட்டி என்று ஒரு வார்த்தை சொன்னால் நீ எல்லாவற்றையும் பூட்டிவிட்டு, மறுபடியும் ஒரு பெட்டியோடு, ஒரு குளிர்காலம் மட்டும் என்று வந்து நிற்பாய். எனக்கு அது வேண்டாம். ஆட்டை விற்றால் போகிறது. அதனால்தான் போனையும் வைத்தேன். உன் குரலைக் கேட்டால் வாய் தவறிச் சொல்லிவிடுவேன்.

குதிரை விஷயத்திலும் எனக்குக் கோபம்தான். ஆனால் கல்யாணத்துக்கு வராதது அதனால் மட்டும் இல்லை. தேவாலயத்தில் உன்னை யாரோ கூட்டிக்கொண்டு போவதைப் பார்க்க முடியாது என்று தோன்றியது. இதைப் பற்றி மேற்கொண்டு எழுத மாட்டேன்.

மலைக்கு வா. ஆனால் நான் கீழே உட்கார மாட்டேன். பதினான்கு வருடமாக இந்தப் பள்ளத்தாக்குக்கு நான்தான் மலைராஜா, யார் எந்தச் சரிவில் போக வேண்டும் என்று சொல்கிறவன் நான். ராஜா காபி போட்டுக்கொண்டிருந்தால் ஆடு எப்படி மதிக்கும்?

பெர்குர்


ஹ்வம்மூர்
17 செப்டம்பர் 1996

அண்ணா,

ஆஸ்பத்திரியில் நீ நர்சுகளைப் படுத்துகிற பாட்டைப் பிரெபென் வந்து சொன்னார். பட்டியில் என்ன நடந்தது என்று தெரியாமல் ஆபரேஷன் மேஜையில் ஏற மாட்டேன் என்றாயாம். இதோ, நடந்ததை எழுதுகிறேன். படித்துவிட்டு மரியாதையாக ஏறு.

வெள்ளிக்கிழமை அந்தப் பனிமூட்டத்தில், மேல் கணவாயில் உன் முட்டி மடங்கி நீ விழுந்த பிறகு நடந்ததெல்லாம் உனக்கு நினைவிருக்கிறதா என்று தெரியவில்லை. மீட்புக் குழுப் பையன்கள் உன்னை ஸ்ட்ரெச்சரில் கட்டினார்கள். நீ படுத்தபடியே எல்லோருக்கும் உத்தரவு போட்டுக்கொண்டிருந்தாய். "ஊல்ஃபார், நீ ஆத்துப் பக்கம் போ. கண்ணாடியத் தொடச்சுக்கிட்டுப் போ." அப்புறம் கைத்தடியை என்னிடம் நீட்டினாய். "புடி. இனிமே நீ சொல்றதுதான்" என்றாய். பதினெட்டுப் பேர், அதில் பாதிப் பேர் என்னைவிடப் பெரியவர்கள். எல்லோரும் நான் காட்டிய சரிவுக்குப் போனார்கள். நான் இரண்டு வருடமாகப் படுக்கை விரிப்புத்தான் மடித்துக்கொண்டிருந்தேன் என்று எல்லோருக்கும் தெரியும்.

தொண்டை கட்டும் வரை கத்தினேன். சனிக்கிழமை மத்தியானம் மந்தை பள்ளத்தாக்கில் இறங்கியது. மூட்டம் விலகி, மலையே நகர்ந்து வருகிற மாதிரி இருந்தது. ஆனால் பிரெபெனைக் காணவில்லை. வடக்குச் சரிவில் நிறுத்தியிருந்தேன். குதிரையும் இல்லை, ஆளும் இல்லை. பட்டியில் எல்லோரும் பாட்டுப் பாடிக்கொண்டு, புட்டியைக் கைமாற்றிக்கொண்டு ஆடுகளைப் பிரிக்கிறார்கள், நான் வேலி மேல் ஏறி நின்று மலையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அப்போது உன் மேல் எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது.

சாயங்காலம் போல வந்தார். தெற்கிலிருந்து, எல்லோரும் எதிர்பார்த்த திசைக்கு நேர் எதிரே. முன்னால் பதினேழு ஆடுகள். எல்லாம் அடுத்த பள்ளத்தாக்கு ஆடுகள், ஒன்றுகூட நம்முடையது இல்லை. மூட்டத்தில் வழி தெரியாமல் கடிவாளத்தை விட்டுவிட்டாராம், குதிரை தன்பாட்டுக்கு நடந்ததாம், வழியில் பார்த்த ஆட்டையெல்லாம் ஓட்டிக்கொண்டு வந்துவிட்டாராம். "சும்மா வர்றதுக்குக் கூச்சமா இருந்துச்சு" என்றார். அடுத்த பள்ளத்தாக்குக்காரர்கள் தேடிக்கொண்டு வந்தபோது, பக்கத்துத் தாலுகாவில் புகுந்து ஆடு திருடியதற்காக ஆயிரம் வருடத்துக்கு முன்பாக இருந்தால் கொலையே விழுந்திருக்கும் என்று ஊல்ஃபார் விளக்கினார். பிரெபெனை நடுவில் உட்கார வைத்துக் கறிச் சாறு ஊற்றிக் கொடுத்தார்கள். மூன்று கிண்ணம் குடித்தார். நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மறுபடியும் எங்கேயாவது போய்விடுவாரோ என்று.

அப்புறம் ஊல்ஃபார் மந்தையைக் கேட்டார். நீ வாக்குக் கொடுத்தாய் என்றார். நான் ஆடுகளின் காதைத் திருப்பிக் காட்டினேன். "இது என் அடையாளம். இதுவும் என்னது. இப்ப உங்களுக்கு வேணும்னா பெர்குரோடத மட்டும் ஒண்ணொண்ணாப் பிரிச்சு எடுத்துக்குங்க, ராத்திரி ஆகும்" என்றேன். அவர் என்னையும் பார்த்தார், மந்தையையும் பார்த்தார். "இந்த வருஷம் எனக்கும் புல்லு கொஞ்சம் கம்மிதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நல்ல மனிதர்.

இனி நான் முடிவு செய்ததைக் கேள். நான் பெட்டியோடு இங்கே திரும்பி வரவில்லை, கஞ்சியும் காய்ச்சவில்லை. நாளை எய்ரிக்குப் போகிறேன், டச்சுப் பெண்கள் மறுபடியும் வருகிறார்கள். குளிர்காலம் முழுக்க ஆடுகளுக்குத் தீனி போடப் பிரெபென் இங்கே இருப்பார். அவரே கேட்டார். விருந்தினர்களுக்குத் தினமும் காலையில் சிரித்துக்கொண்டே முட்டை அவித்துக் கொடுத்து அவருக்கு வாய் வலிக்கிறதாம். இங்கே யாரும் பேச மாட்டார்கள் என்பதே அவருக்குப் பெரிய ஆறுதல். உன்னுடைய முட்டி சரியாகும் வரை நீ எய்ரியில், நான்காம் நம்பர் அறையில். மாடிப்படி இல்லை. விருந்தாளியாக. சிரிக்க வேண்டிய கட்டாயம் கிடையாது. வெளிநாட்டுக்காரர்கள் உன்னைப் பார்க்க ஆசைப்படுகிறார்கள், அதைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்.

சமையலறையைப் பார்த்தேன். அதைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை.

ராக்னா


நகர மருத்துவமனை, மூன்றாம் மாடி
25 செப்டம்பர் 1996

ராக்னா,

ஆபரேஷன் முடிந்தது. புது முட்டி. உள்ளே எஃகு என்கிறார்கள். ஸ்வீடனில் செய்ததாம், அதைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. இப்போதைக்கு அவர்கள் தயவு வேண்டும்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு மீனவர். காலையிலிருந்து ராத்திரி வரை கவிதை சொல்கிறார், எல்லாம் சொந்தம். புத்தகம் போடப் போகிறாராம். இந்த நாட்டில் புத்தகம் போடாதவன் நான் ஒருவன்தான் போலிருக்கிறது, நீயே மூன்று பதிப்பு போட்டுவிட்டாய்.

நேற்று உன் வீட்டுக்காரர் வந்திருந்தார். பழம் வாங்கி வந்தார். கட்டில் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, இரண்டு பேரும் ஜன்னல் வழியாக வண்டி நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். முதல் பனி பெய்துகொண்டிருந்தது. ஆடுகள் நன்றாக இருக்கின்றன என்றார். நல்லது என்றேன். ஒரு மணி நேரம் கழித்து எழுந்து போனார். நர்ஸ் வந்து, "யாரு அது? ரெண்டு பேருக்கும் ஏதாவது சண்டையா?" என்று கேட்டாள். "சண்டையெல்லாம் இல்லம்மா. எங்க வீட்டு மாப்பிள்ளை. ரொம்ப நாளைக்கப்புறம் மனசு விட்டுப் பேசினோம்" என்றேன். அவள் தெற்கத்திக்காரி, ரெய்க்யாவிக்கில் வளர்ந்தவள். அவளுக்குப் புரியவில்லை.

நான்காம் நம்பர் அறைக்குச் சம்மதம். ஆனால் சாப்பாட்டுக்கு நானும் மற்ற விருந்தாளிகள் மாதிரி மேஜைக்கே வருவேன், தட்டில் கொண்டுவந்து தரக் கூடாது. எத்தனை நாள் என்று டாக்டருக்கே தெரியவில்லை. நீ "போ" என்று சொல்கிற அன்றைக்குப் போய்விடுவேன். சொல்ல மறந்துவிடாதே.

ஞாயிற்றுக்கிழமை அனுப்புகிறார்கள். இரண்டு பேரும் வாருங்கள். ஒரு கால்சட்டை கொண்டு வா, போட்டிருந்ததைக் கத்திரித்துவிட்டார்கள். காரில் முன் சீட்டு எனக்கு, காலை நீட்ட வேண்டும். மாப்பிள்ளை ஓட்டட்டும். நீ பின்னால் உட்கார்ந்து இரண்டு வருடப் பேச்சையும் பேசிக்கொண்டு வா. மேட்டுப்பாதையில் பனி விழுந்திருக்கும், மெதுவாகத்தான் போக முடியும். எனக்கு அவசரம் ஒன்றுமில்லை.

அண்ணன்
பெர்குர்